டிம்மர் மாட்யூல் ஒன்றை ஆறு மாதம் ஓட்டிப் பார்த்தேன்

அம்மா இரவில் இரண்டு முறையாவது எழுந்துகொள்வார். கட்டிலருகே இருக்கும் மேஜை விளக்கில் 40 வாட்ஸ் குண்டு பல்பு. சுவிட்சைப் போட்டதும் வெளிச்சம் முகத்தில் அடிக்கும். கண் கூசி, கட்டில் விளிம்பைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் நடக்க ஆரம்பிப்பார். விளக்கை மாற்றிவிடலாம் என்றால் அதற்குச் சம்மதமில்லை. "அந்த மஞ்ச வெளிச்சந்தான்டி எனக்குக் கண்ணுக்கு இதமா இருக்கு" என்பார். சரி, விளக்கு அதுவே இருக்கட்டும், வெளிச்சம் மட்டும் மெல்ல ஏறட்டும் என்று முடிவு செய்தேன். குமிழைத் திருகினால் எட்டு வினாடியில் மெதுவாக ஏறி, திருகிய அளவில் நிற்க வேண்டும். அதற்காக வாங்கியதுதான் இந்த டிம்மர் மாட்யூல்.

பெயர் எதுவும் அச்சிடாத ஒற்றைத் தட ஏசி டிம்மர். ஒரே ஆர்டரில் இரண்டு வாங்கினேன். உள்ளங்கையில் பாதிகூட இல்லாத பச்சை போர்டு. ஒரு ஓரத்தில் நான்கு திருகு முனைகள்: மின்சாரம் உள்ளே வர இரண்டு, விளக்குக்குப் போக இரண்டு. எதிர் ஓரத்தில் மைக்ரோகண்ட்ரோலருக்கு (ப்ரோக்ராமை ஓட்டும் சின்னக் கணினிச் சில்லு) நான்கு ஊசிகள். நடுவில் சூட்டை வெளியேற்றும் சின்ன அலுமினிய ஹீட்சிங்க்கில் ஒரு ட்ரையாக் (ஏசி மின்சாரத்தைத் திறந்து மூடும் மின்னணு சுவிட்ச்), பக்கத்தில் இரண்டு ஆப்டோகப்ளர் (ஒளி வழியாகச் சைகை கடத்தும் சில்லு), ஏசியை ஒரே திசைக்கு மாற்றும் ஒரு பிரிட்ஜ், சில ரெசிஸ்டர்கள். நான் ஒரு பாலிடெக்னிக்கில் பதினொரு வருஷமாக எலக்ட்ரானிக்ஸ் ஆய்வக உதவியாளராக இருக்கிறேன். கீழே வரும் அளவுகளை அங்குள்ள கருவிகளை வைத்து எடுத்தேன். மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாட்யூல் வேலை செய்கிறது, நன்றாகவே மங்கவைக்கிறது. ஆனால் உறையைப் பிரித்ததும் அப்படியே எடுத்து ஒருவர் கை வைக்கிற இடத்தில் மாட்டக் கூடிய பொருளாக அது வரவில்லை. நான் அதில் பாதியை மாற்றினேன். அதன் பிறகுதான் அம்மாவின் கட்டில் பக்கம் கொண்டுபோனேன்.

எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம், அப்போதுதான் குறைகள் ஏன் குறைகள் என்று புரியும். ட்ரையாக்கின் கேட் என்னும் கட்டுப்பாட்டுக் காலில் ஒரு சின்னத் துடிப்பு கொடுத்தால் அது திறந்துகொள்ளும். அதற்குப் பிறகு கேட்டை விட்டுவிட்டாலும் மூடாது. ஓடுகிற மின்னோட்டம் பூஜ்யத்துக்குப் பக்கம் வந்தால் மட்டும் தானாக மூடிக்கொள்ளும். 50 ஹெர்ட்ஸில் இது 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. 60 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் 8.33 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை. ஆகவே ஒவ்வொரு அரை அலையிலும் மின்னழுத்தம் பூஜ்யத்தைக் கடக்கும் நொடியைப் பிடித்து, வேண்டிய அளவு காத்திருந்து, பிறகு துடிப்பைக் கொடுக்க வேண்டும். அதிகம் காத்திருந்தால் மங்கல், குறைவாகக் காத்திருந்தால் பிரகாசம். பூஜ்யத்தைக் கண்டு சொல்வது ஒரு ஆப்டோகப்ளரின் வேலை, துடிப்பைக் கொண்டுசேர்ப்பது இன்னொன்றின் வேலை. இரண்டிலும் ஒளி மட்டுமே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகிறது. 230 வோல்ட்டுக்கும் நம் விரலுக்கும் நடுவே இருப்பது அந்த ஒளி இடைவெளிதான்.

போர்டில் துடிப்புக்கான ஊசிக்குப் பக்கத்தில் 'பிடபிள்யூஎம்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். இது தப்பான பெயர். அதை நம்பி ஆர்டுயினோ மைக்ரோகண்ட்ரோலர் போர்டின் சாதாரண பிடபிள்யூஎம் அலையை (துடிப்பின் அகலத்தால் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் தொடர் துடிப்புகள்) அங்கே கொடுத்தால் பல்பு கண்டபடி துடிக்கும். மெயின்ஸ் அலைக்கும் அந்தத் துடிப்புகளுக்கும் எந்த ஒத்திசைவும் இருக்காது. ஒவ்வொரு வருஷமும் மாணவர்களில் இரண்டு மூன்று பேராவது இதைச் செய்துவிட்டு, மாட்யூல் கெட்டுப்போச்சு மேடம் என்று கொண்டுவருவார்கள்.

இப்போது நான் கண்டதற்கு வருகிறேன். முதலில் பிரித்த மாட்யூலின் ட்ரையாக்கில் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். பிடிஏ16-600 என்றிருந்தது, நல்லது. இரண்டாவதை எடுத்தேன். பார்க்க அச்சு அசல் அதே போர்டு, அதே ஹீட்சிங்க், அதே திருகு. ஆனால் எழுத்து பிடிபி16-600. ஏ இருந்த இடத்தில் பி. இந்த ஒரு எழுத்துதான் என்னை உட்கார வைத்தது. பிடிஏ வகையில் பின்பக்க உலோகத் தகடு உள்ளிருக்கும் சில்லிலிருந்து காப்பிடப்பட்டிருக்கும், 2500 வோல்ட் வரை தாங்கும். பிடிபி வகையில் அந்தத் தகடு நடுக் காலோடு நேரடியாக இணைந்திருக்கும். மல்டிமீட்டரைத் தொடர்ச்சி சோதனையில் வைத்து ஒரு முனையை நடுக் காலிலும் மற்றதை ஹீட்சிங்க்கிலும் தொட்டேன். முதல் மாட்யூலில் சத்தமில்லை. இரண்டாவதில் பீப் என்று நீளமாக அடித்தது. அதாவது அந்தப் பளபளக்கும் அலுமினியத் துண்டு முழுக்க மெயின்ஸ் மின்னழுத்தத்தில் இருக்கும். 'சூடாகிறதா பார்ப்போம்' என்று யாராவது விரலை வைத்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

விற்ற பக்கத்தில் எந்த எழுத்து வரும் என்று ஒரு வரிகூட இல்லை. படத்தில் இருந்தது பிடிஏ. விற்றவருக்கு எழுதினேன், பதில் வரவில்லை. நீங்கள் இதை வாங்கியிருந்தால் மின்சாரம் கொடுப்பதற்கு முன்னால் இந்த ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள். ஒரு நிமிஷம்கூட ஆகாது. பீப் அடித்தாலும் அடிக்காவிட்டாலும், ஓடும்போது ஹீட்சிங்க்கைத் தொடவே கூடாது என்பது தனி விஷயம்.

அடுத்தது ரெசிஸ்டர்கள். பூஜ்யத்தைக் கண்டுபிடிக்கும் பகுதியில் மெயின்ஸுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில் 33 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு, தொடராக. இரண்டும் கால் வாட்ஸ் வகை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 230ஐ 230ஆல் பெருக்கி 66,000ஆல் வகுத்தால் 0.8 வாட்ஸ். ஆளுக்கு 0.4. கால் வாட்ஸ் தாங்கும் ரெசிஸ்டரின் தலையில் 0.4 வாட்ஸை ஏற்றி வைத்திருக்கிறார்கள். விளக்கு எரிந்தாலும் அணைந்தாலும் பிளக் சுவரில் இருக்கும் வரை இந்தச் சூடு இருந்துகொண்டே இருக்கும். நான் நாலு மணி நேரம் ஓட்டிவிட்டு அகச்சிவப்பு வெப்பமானியால் பார்த்தபோது 97 டிகிரி காட்டியது. பிளக்கைப் பிடுங்கி ஆறவிட்டுப் பார்த்தேன், ரெசிஸ்டருக்குக் கீழே போர்டின் பச்சை லேசாகப் பழுப்பேறியிருந்தது. நாலு மணி நேரத்திலேயே இந்தக் கதி என்றால் வருஷக்கணக்கில் ஓடும்போது என்ன ஆகும்? இரண்டையும் கழற்றி 47 கிலோ ஓம், 1 வாட்ஸ் மெட்டல் ஆக்சைடு ரெசிஸ்டர்களைப் போட்டேன், போர்டிலிருந்து சில மில்லிமீட்டர் தூக்கியே சால்டர் செய்தேன். இப்போது ஆளுக்கு 0.28 வாட்ஸ். பூஜ்யத் துடிப்பும் ஒழுங்காக வருகிறது.

போர்டின் அடிப்பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படங்களில் யாரும் காட்டுவது மேல்பக்கத்தைத்தான். ஆப்டோகப்ளர்களுக்கு அடியில் இரண்டு பக்கத் தாமிரத்துக்கும் இடையே வெர்னியரில் 7 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. அது சரிதான். அதைப் பார்த்துத் திருப்தியாகி போர்டைக் கீழே வைக்கப் போனேன். அப்போது ஓரமாக ஒன்று கண்ணில் பட்டது. தாழ்மின்னழுத்தப் பக்கத்து கிரவுண்ட் தாமிரம், நாக்கு நீட்டிய மாதிரி ஒரு மூலையில் வளைந்து, ஃபேஸ் ஓடுகிற ட்ராக்குக்கு 3 மில்லிமீட்டர் தொலைவில் வந்து நிற்கிறது. அந்த நாக்கால் எந்த இணைப்பும் கிடையாது. வரைந்த மென்பொருள் காலி இடத்தைத் தாமிரத்தால் நிரப்பியபோது வந்தது, யாரும் அழிக்கவில்லை. அதன் மேலேயே சால்டர் ஃப்ளக்ஸ் பிசுபிசுவென்று பழுப்பாக ஒட்டிக்கிடந்தது. ஃப்ளக்ஸில் தூசி படியும், தூசியில் ஈரம் ஏறும், அந்த ஈரம் அந்த 3 மில்லிமீட்டரைக் கடக்க ஒரு பாலம் கட்டும். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை நனைத்து மூன்று முறை தேய்த்துக் கழுவினேன். கூர்மையான கத்தியால் அந்த நாக்கைக் கீறி உரித்து எடுத்தேன். இப்போது மிகக் குறுகிய இடத்தில்கூட 6.5 மில்லிமீட்டர் இருக்கிறது. 230 வோல்ட்டுக்கும் கை படும் சுற்றுக்கும் நடுவே 6 மில்லிமீட்டருக்குக் குறைவாக நான் விடமாட்டேன்.

கழுவிக் காயவைத்த பிறகு, காப்பின் தடையை அளக்கும் மெகரில் போட்டேன். மெயின்ஸ் பக்கத்து நான்கு முனைகளையும் ஒன்றாகக் கட்டி ஒரு பக்கம், நான்கு ஊசிகளையும் ஒன்றாகக் கட்டி மறுபக்கம், மைக்ரோகண்ட்ரோலர் இல்லாமல், 500 வோல்ட் டிசி. கழுவுவதற்கு முன் முள் அளவுகோலின் நடுவில் தயங்கித் தயங்கி நின்றது. கழுவிய பின் ஒரே ஓட்டமாக மறுகோடிக்குப் போய் ஒட்டிக்கொண்டது.

ஆப்டோகப்ளர் தேர்வில் இந்த மாட்யூலுக்கு நான் நல்ல மதிப்பெண்தான் தருவேன். ஆப்டோகப்ளர்கள் இரண்டும் சரியான வகை: பூஜ்யத்துக்கு பிசி817, துடிப்புக்கு எம்ஓசி3021. இதில் ஒரு நுட்பம் உண்டு. எம்ஓசி3041, 3063 போன்றவை உள்ளுக்குள்ளேயே பூஜ்யத்துக்காகக் காத்திருந்து திறப்பவை. ஆன், ஆஃப் செய்ய அவை அருமையானவை, மங்கவைக்க உதவாது. சில மலிவான போர்டுகளில் அவற்றைப் போட்டு 'டிம்மர்' என்று விற்பதைப் பார்த்திருக்கிறேன். இதில் அந்தத் தப்பு இல்லை.

இருந்தாலும் எம்ஓசி3021ஓடு எனக்குத் தகராறு வந்தது. நான் பயன்படுத்திய மைக்ரோகண்ட்ரோலர் இஎஸ்பி32, அதன் ஊசிகள் 3.3 வோல்ட். எல்லாம் எழுதி முடித்து ஓட்டினால் பல்பு நிமிஷத்துக்கு இரண்டு மூன்று முறை ஒரு சின்ன இமைப்பு இமைத்தது. கண்ணுக்கு அரைகுறையாகத் தெரிகிற, ஆனால் தெரிந்த பிறகு பொறுக்க முடியாத இமைப்பு. இரண்டு நாள் என் ப்ரோக்ராமைத்தான் சந்தேகப்பட்டேன். மூன்றாம் நாள் மாட்யூலின் உள்ளீட்டு ரெசிஸ்டரைப் பார்த்தேன், 330 ஓம். ஆப்டோவின் எல்இடி 1.2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மீதி 2.1 வோல்ட்டை 330ஆல் வகுத்தால் 6.4 மில்லியாம்ப். எம்ஓசி3021 கண்டிப்பாகத் திறக்க 15 மில்லியாம்ப் கேட்கிறது. பெரும்பாலான நேரம் 6.4லேயே திறந்துவிடுகிறது, சில நேரம் அடம் பிடிக்கிறது. அந்தச் சில நேரம்தான் இமைப்பு. 5 வோல்ட் ஆர்டுயினோவில்கூட 11.5 மில்லியாம்ப்தான் வரும், ஆகவே அங்கேயும் உத்தரவாதம் இல்லை. கழற்றிவிட்டு எம்ஓசி3053 போட்டேன். அதே கால் அமைப்பு, 5 மில்லியாம்ப் போதும். கூடவே இன்னொரு லாபம்: 3021 தாங்குவது 400 வோல்ட், 3053 தாங்குவது 600. 230 வோல்ட்டின் உச்சம் 325. அதற்கு மேல் மின்வழியில் எகிறும் திடீர் உச்சங்களுக்கு 400 நெருக்கமான எல்லை. மாற்றிய அன்றிலிருந்து இமைப்பு இல்லை.

ப்ரோக்ராம் பற்றி. பல்பை நேரடியாக மெயின்ஸில் வைத்துக்கொண்டு ப்ரோக்ராம் எழுதிப் பழக வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். அந்த பிடிபி மாட்யூலை நான் வீணாக்கவில்லை. அதன் 33 கிலோ ரெசிஸ்டர்களை எடுத்துவிட்டு 1.5 கிலோ போட்டு, கேட் ரெசிஸ்டரையும் குறைத்து, 12 வோல்ட் ஏசி தரும் ஒரு மின்மாற்றியில் மாட்டினேன். சுமையாக 12 வோல்ட் வண்டி பல்பு. அதே ஸீரோ கிராஸிங் (பூஜ்யத்தைக் கடக்கும் நொடி), அதே காத்திருப்பு, அதே துடிப்பு. தப்பு செய்தால் பல்பு தப்பாக எரியும், அவ்வளவுதான். ஆசிலோஸ்கோப்பையும் தைரியமாக வைக்கலாம். மெயின்ஸ் பக்கத்தில் அப்படி வைக்கவே கூடாது, ப்ரோபின் கிளிப் எர்த்தோடு இணைந்தது, ஃபேஸில் கடித்தால் அங்கேயே வெடிக்கும். மாட்யூலின் மேல் சிவப்பு மையில் '12 வோல்ட் மட்டும்' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன், இப்போது மாணவர்கள் அதில்தான் கற்கிறார்கள்.

ஆசிலோஸ்கோப்பில் தெரிந்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஸீரோ கிராஸ் ஊசியில் வரும் துடிப்புக்கு அகலம் உண்டு. 47 கிலோ போட்ட பிறகு மெயின்ஸில் ஓடும் என் மாட்யூலின் தாழ்மின்னழுத்தப் பக்கத்து ஊசியில் பார்த்தபோது சுமார் 1.1 மில்லிசெகண்ட் இருந்தது. உண்மையான பூஜ்யம் அந்தத் துடிப்பின் நடுவில் இருக்கிறது. துடிப்பு எழும் விளிம்பில் இன்டரப்ட் (ஓடும் வேலையை நிறுத்தி உடனே கவனிக்க வைக்கும் அழைப்பு) வைத்தால் நீங்கள் அரை மில்லிசெகண்ட் முன்கூட்டியே எண்ணத் தொடங்குகிறீர்கள். இதைக் கணக்கில் எடுக்காவிட்டால் முழு வெளிச்சம் கேட்கும்போது பூஜ்யத்துக்கு முன்பே துடிப்பு போய், முந்தைய அரை அலையின் வாலில் ட்ரையாக் திறந்து உடனே மூடி, அடுத்த அரை அலை முழுக்க இருட்டாகிவிடும். கடைசிப் பக்கமும் ஆபத்துதான். மிகத் தாமதமாகக் கொடுத்த துடிப்பு அடுத்த அரை அலைக்குள் நீண்டால், மங்கலாக இருக்க வேண்டிய விளக்கு பளிச்சென்று முழுதாக அடிக்கும். அம்மாவின் கண்ணில் அப்படி நடுராத்திரி ஒருமுறை அடித்தாலும் நான் செய்த வேலை முழுக்க வீண். அதனால் எழும் விளிம்பிலிருந்து 1 மில்லிசெகண்டுக்கு முன்னும் 9 மில்லிசெகண்டுக்குப் பின்னும் துடிப்பே கிடையாது என்று பூட்டிவிட்டேன். தொடக்கத்தில் விட்டதால் இழக்கும் சக்தி ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

காத்திருப்புக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள உறவு நேர்கோடு இல்லை. பூஜ்யத்திலிருந்து 5 மில்லிசெகண்ட் காத்தால் சரியாகப் பாதி சக்தி. 2.5 காத்தால் பாதிக்கும் முழுசுக்கும் நடுவில் வரும் என்று மனசு சொல்லும், ஆனால் 91 சதவீதம் வருகிறது. 7.5 காத்தால் 9 சதவீதம். இரண்டு ஓரங்களிலும் குமிழ் சும்மா சுற்றுவது போலவும் நடுவில் திடுமெனப் பாய்வது போலவும் இருக்கும். நான் 64 படிகளுக்கு ஓர் அட்டவணை போட்டு, அடிப்பகுதியில் படிகளை நெருக்கமாக வைத்தேன். குண்டு பல்பு குறைந்த சக்தியில் சிவந்து, சக்தியைவிட வேகமாக வெளிச்சத்தை இழக்கும். கடைசியில் கண்ணை வைத்துத்தான், இருட்டறையில் உட்கார்ந்து, அட்டவணையைத் திருத்தினேன்.

இன்னொன்று, இதை யாரும் செய்வதில்லை. 50 மில்லிசெகண்ட் வரை ஸீரோ கிராஸ் துடிப்பு வராவிட்டால் கேட் ஊசியை அணைத்துவிட்டு நிற்கும்படி எழுதியிருக்கிறேன், ப்ரோக்ராம் தொங்கினால் மறுபடி தொடங்கவைக்கும் வாட்ச்டாக்கும் உண்டு. ப்ரோக்ராம் தொங்கிப்போய் ஊசி உயர்ந்தே நின்றுவிட்டால் விளக்கு முழு வெளிச்சத்தில் நின்றுவிடும். இன்டரப்ட்டுக்குள்ளே காத்திருக்காமல் டைமரை மட்டும் ஏற்றிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். ஒயர்லெஸ்ஸை ஓட்டிக்கொண்டே இதைச் செய்தால் பழைய இஎஸ்பி8266இல் நேரம் தள்ளாடும், எனக்கு வைஃபை தேவையில்லாததால் அணைத்தே வைத்திருக்கிறேன்.

எல்இடி பல்போடு முயன்றேன், வேண்டாம். 7 வாட்ஸ் எல்இடி 230 வோல்ட்டில் எடுப்பது 30 மில்லியாம்ப் அளவுதான். இந்த ட்ரையாக்கின் பிடிப்பு மின்னோட்டமே (திறந்தே இருக்கத் தேவையான குறைந்தபட்ச அளவு) 50 மில்லியாம்ப் வரை போகும். திறந்த கதவு பிடித்துக்கொள்ள ஆளில்லாமல் மூடிக்கொள்கிற மாதிரி, அலை நடுவிலேயே அணைந்து அணைந்து மினுக்கும். மங்கவைக்கலாம் என்று எழுதிய எல்இடியும் இதே கதைதான், கொஞ்சம் குறைவாக. மின்விசிறி, மோட்டார் எதையும் இதில் மாட்டாதீர்கள், போர்டில் அதற்கான ஸ்நப்பர்கூட (மின்னழுத்தத்தின் திடீர் ஏற்றத்தை அடக்கும் ரெசிஸ்டர்-கெப்பாசிட்டர் ஜோடி) இல்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் ராத்திரி அம்மா கூப்பிட்டார். "ஏண்டி, ரேடியோல வண்டு பறக்குற மாதிரி சத்தம் வருதே?" கட்டில் தலைமாட்டில் மீடியம் வேவ் ரேடியோ இருக்கும், அதைக் கேட்டுக்கொண்டேதான் தூங்குவார். குமிழைத் திருகிப் பார்த்தேன். பாதி வெளிச்சத்தில் சத்தம் உச்சம், இரண்டு பக்கமும் போகப் போகக் குறைகிறது. அலை உச்சியில் ட்ரையாக் திறக்கும்போது 325 வோல்ட் செங்குத்தாக ஏறுகிறது, அந்தச் செங்குத்து ஏற்றத்தில் எல்லா அலைவரிசையும் கலந்திருக்கும். மாட்யூலில் அதை மழுங்கடிக்கச் சோக் என்னும் கம்பிச் சுருளும் இல்லை, கெப்பாசிட்டரும் இல்லை. டிம்மர்களுக்கென்றே வரும் வளையச் சோக் ஒன்றை விளக்குக்குத் தொடராகப் போட்டு, உள்ளே வரும் முனைகளுக்குக் குறுக்கே மெயின்ஸுக்குக் குறுக்கே வைப்பதற்கென்றே வரும் எக்ஸ்2 வகை 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் வைத்தேன். சாதாரணக் கெப்பாசிட்டர் அங்கே கூடாது. அதன்பின் ரேடியோவில் நிலையங்களுக்கு நடுவே மட்டும் லேசாக முனகல், பாட்டு ஓடும்போது கேட்பதில்லை. சோக்கே மெல்ல ரீங்காரம் போடுகிறது, பெட்டியின் அடியில் ரப்பர் வைத்ததும் அடங்கிவிட்டது.

'16 ஆம்ப்' என்று விளம்பரப் படத்தில் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். அது ட்ரையாக்கின் எண். போர்டின் ட்ராக்குகளும் அந்த விரல்நக ஹீட்சிங்க்கும் அதைத் தாங்காது. ஆய்வகத்தில் 100 வாட்ஸ் குண்டு பல்பு ஐந்தை மாட்டி அரை மணி நேரம் ஓட்டினேன், 2.2 ஆம்ப். பளபளக்கும் உலோகத்தில் அகச்சிவப்பு மானி குறைத்துக் காட்டும் என்பதால் ஹீட்சிங்க்கில் முன்பே கறுப்பு டேப் ஒட்டி வைத்திருந்தேன். 68 டிகிரி. பெட்டிக்குள் மூடினால் இன்னும் ஏறும். எனக்குக் கேட்டால் இது 2 ஆம்ப் போர்டு, அதற்கு மேல் வேண்டாம். 40 வாட்ஸ் பல்புக்கு 0.17 ஆம்ப்தான், வெதுவெதுப்புக்கூடத் தெரிவதில்லை.

ஃப்யூஸ் கிடையாது. இது மன்னிக்க முடியாத விட்டுப்போதல். குண்டு பல்பின் இழை அறுந்து விழும் நொடியில் உள்ளே வில் பிடித்து மின்னோட்டம் பலமடங்கு எகிறலாம், ட்ரையாக் அதில் குறுக்கிணைப்பாகிச் செத்துவிடும். ஃபேஸ் கம்பியில் 1 ஆம்ப் மெதுவாக உருகும் ஃப்யூஸ் போட்டேன். எல்லாவற்றையும் தடித்த பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, நடுவில் ஒரு தடுப்பு: ஒரு பக்கம் மெயின்ஸ், மறுபக்கம் இஎஸ்பி32. கம்பிகள் நுழையும் இடத்தில் இறுக்கும் கிளாண்ட், இழுத்தால் திருகு முனைவரை இழுவை போகாது. இஎஸ்பி32க்கு மின்சாரம் தனியே தரச் சான்று பெற்ற ஒரு போன் சார்ஜர். அம்மாவின் விரல் படும் குமிழின் தண்டு பிளாஸ்டிக். உலோகத் தண்டு வைத்த பொட்டன்ஷியோமீட்டர்தான் முதலில் கையில் இருந்தது, அதை வைக்கவில்லை. நாளைக்கு உள்ளே எது கெட்டாலும் அந்தத் தண்டு வழியாக எதுவும் வெளியே வரக் கூடாது. பெட்டிக்கு முன்னால் இரண்டு கம்பியையும் சேர்த்துத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்று, வீட்டு மின்வழியில், மின்சாரம் கசிந்தால் துண்டிக்கும் 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி. முதல்முறை மெயின்ஸ் கொடுத்தபோது லேப்டாப்பை யுஎஸ்பியில் மாட்டவில்லை, பவர் பேங்கில் ஓட்டினேன், ஒரு கை முதுகுக்குப் பின்னால்.

டிம்மர் அணைத்திருந்தாலும் பல்பின் முனைகளுக்கு ட்ரையாக் வழியே மின்சாரம் கசியும். பல்பு மாற்றும்போது பிளக்கைப் பிடுங்குங்கள். இதை அம்மாவிடம் சொல்லி, பெட்டியின் மேலும் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், போர்டுக்கு இரண்டரை. ஆப்டோ வகைத் தேர்வு நன்று, மற்றதெல்லாம் வாங்குபவர் தலையில். சால்டரும் மெகரும் பழகிய கைக்கு, குண்டு பல்பை விட மனசில்லாதவருக்கு, வாங்கலாம். வெறுமனே மெல்ல ஏறும் வெளிச்சம் மட்டும் போதும் என்பவர்கள் 12 அல்லது 24 வோல்ட் எல்இடி பட்டையும், சான்று பெற்ற அடாப்டரும், ஒரு மாஸ்ஃபெட்டும் (டிசி சுவிட்சாக வேலை செய்யும் ட்ரான்சிஸ்டர்) வாங்குங்கள். அங்கே சாதாரண பிடபிள்யூஎம் போதும், மெயின்ஸைத் திறக்கவே வேண்டாம். பெரிய அறை, பல விளக்குகள் என்றால் 1-10 வோல்ட்டில் கட்டுப்படும் சான்று பெற்ற டிம்மரை மின்பணியாளரை வைத்துப் பொருத்திவிட்டு, மைக்ரோகண்ட்ரோலர் அந்தச் சின்ன மின்னழுத்தத்தை மட்டும் தரட்டும். சுவர் சுவிட்ச் பெட்டிக்குள் வைக்க நினைப்பவர்கள் கவனிக்க: இந்த மாட்யூலுக்கு நியூட்ரலும் வேண்டும், பல சுவிட்ச் பெட்டிகளில் அது இருக்காது.

போன வாரம் பிளக்கைப் பிடுங்கிப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். 47 கிலோ ரெசிஸ்டர்களுக்குக் கீழே போர்டு பச்சையாகவே இருக்கிறது, திருகு முனைகளில் ஒன்றை மட்டும் கால் சுற்று இறுக்க வேண்டியிருந்தது. அம்மா இப்போது குமிழைப் பாதிக்கு மேல் திருகுவதில்லை.